வைஃபை பாஸ்வேர்டை யாருக்கும் சொல்வதாக இல்லை

ஜூன் 3, செவ்வாய்

இன்று மலையம்மாள் என் வீட்டிலிருந்து எழுந்து ஓடிவிட்டாள்.

எதிர்வீட்டுக்காரி. இதே வாடிப்பட்டியில் நான் அரவை மில் நடத்திய காலத்துப் பழக்கம். மத்தியானம் வந்து உட்கார்ந்தால் ஊர்க்கதை முழுவதும் பேசிவிட்டுத்தான் போவாள். இன்று வரும்போது வடை வாங்கி வந்தாள். ஒன்றைத் தின்றுவிட்டு இரண்டாவதை எடுத்தேன். டிவிக்கு மேலே இருக்கிற கேமரா பேசியது.

"ம்மா, வடைய வையி. சுகரு எம்புட்டு இருக்குன்னு மறந்துபோச்சா?"

அசோக்குமார். என் மகன். ஓசூரில் உட்கார்ந்துகொண்டு என் கையில் இருக்கிற வடையை எண்ணுகிறான்.

மலையம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "ஏ மதினி, இம்புட்டு நேரமும் கேட்டுக்கிட்டா இருந்தான்? அவன் பொண்டாட்டியப் பத்தில்ல பேசிக்கிட்டிருந்தோம்!" செருப்பைக்கூட சரியாகப் போடாமல் போனாள்.

மீதி வடையை நானே தின்றேன். கேமராவைப் பார்த்துக்கொண்டே தின்றேன்.

ஜூன் 5, வியாழன்

மலையம்மாள் இன்றும் வரவில்லை.

ஜூன் 7, சனி

நியாயம் என்று ஒன்று உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். தை மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். பால்காரர் வந்து கதவைத் தட்டும்வரை எழுந்திருக்க முடியவில்லை. மகன் பயந்துபோனான். பயந்தது தப்பில்லை. ஓடிவந்து வைஃபை போட்டு, கேமரா மாட்டிவிட்டுப் போனான்.

ஆனால் அதற்கு முன்னால் தினமும் சாயங்காலம் போன் பண்ணிக்கொண்டிருந்தான். கேமரா வந்த பிறகு போன் இல்லை. கேட்டதற்கு, "அதான் பாக்குறேன்ல ம்மா" என்றான்.

நீ பார்க்கிறாய். சரி. நான் யாரைப் பார்ப்பது?

போன மாதம் அதன்மேல் துண்டைப் போட்டு மூடினேன். ஒரு மணி நேரத்தில் கொழுந்தன் மகன் முகேஷ் வந்து நின்றான். இங்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருப்பவன். "அண்ணன் எடுக்கச் சொன்னாரு பெரியம்மா" என்று எடுத்துவிட்டுப் போனான். துண்டால் ஆகாது. வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

டீசல் இஞ்சினை எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பெல்ட் அறுந்தால் நானே மாட்டினேன். இதுவும் ஒரு மிஷின்தானே.

யூடியூபில் பார்த்தேன். அந்த வைஃபை டப்பாவைக் கவிழ்த்தால் அடியில் ஒரு ஸ்டிக்கர். அதில் இருக்கிற நம்பரைப் போனில் அடித்தால் ஒரு பக்கம் திறக்கிறது. யார் யார் இந்த வீட்டு வைஃபையில் இருக்கிறார்கள் என்று காட்டுகிறது. என் போன், டிவி, கேமரா. பாஸ்வேர்டை மாற்றினேன். கேமராவில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு வந்தது.

டிவியும் நின்றுபோனது. என் போனிலும் நெட் இல்லை. பழைய பாஸ்வேர்டு எல்லாருக்கும் ஒன்றுதானே! அது எனக்குத் தோன்றவில்லை. ரிமோட்டில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்து டிவியை ஓட வைப்பதற்குள் சீரியல் முடிந்துவிட்டது.

பொழுது சாய அவன் போன். எத்தனை நாளைக்குப் பிறகு!

"ம்மா, நல்லாருக்கியா? நெட்டு போச்சா?"

"நானும் நல்லாருக்கேன். நெட்டும் நல்லாருக்கு."

"கேமரா ஓடலையே?"

"ஓடாது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

ஜூன் 11, புதன்

தோற்றேன்.

முகேஷ் வந்தான். குடிக்கத் தண்ணீர் கேட்டான். செம்போடு திரும்பி வந்தால் கேமராவில் பச்சை விளக்கு. சிரிக்கிறான்.

"பெரியம்மா, குலசாமி பேர வச்சா பங்காளி வீட்டுல யாருக்குத் தெரியாது? பேச்சியம்மான்னு அடிச்சேன், வரல. பின்னால ஒன்னு ரெண்டு மூணு போட்டேன், வந்துருச்சு."

சாமி காப்பாற்றும் என்று நினைத்தேன். சாமி எல்லாருக்கும் பொது.

ஜூன் 12, வியாழன்

எம்புட்டுத் திமிரு இவனுகளுக்கு! என் வீடு. கரண்டு பில்லு நான் கட்டுறேன். மில்லுல மாவுத்தூசிய முழுங்கி நான் கட்டுன வீடு இது. இதுல நான் எங்க உக்காரணும், என்ன திங்கணும், எவ வரணும்னு ஒருத்தன் ஓசூர்ல இருந்து…

நிதானமாக எழுதுகிறேன்.

மறுபடி யூடியூப் பார்த்தேன், இந்த முறை நிறுத்தி நிறுத்தி. சாமி பேர், பிள்ளை பேர், பிறந்த வருஷம் எதுவும் கூடாதாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வைக்க வேண்டுமாம். வைத்தேன். என்ன சொற்கள் என்று இங்கேகூட எழுதப்போவதில்லை.

அந்தப் பக்கத்தைத் திறக்கத் தனியாக ஒரு பாஸ்வேர்டு இருக்கிறது. அது ஸ்டிக்கரிலேயே அச்சடித்திருக்கிறது. வீட்டுக்கு வருகிற எவனும் படிக்கலாம். அதையும் மாற்றினேன். டப்பாவின் பின்னால் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே விட்டுவிடும். அதையும் வேலை செய்யாமல் நிறுத்திவிட்டேன்.

சிவப்பு விளக்கு.

ஜூன் 14, சனி

முகேஷ் மறுபடி வந்தான். போனை வைத்துக்கொண்டு என்னென்னவோ அடித்துப் பார்த்தான். பொத்தானையும் அழுத்தினான். நான் நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டேன்.

"என்ன பெரியம்மா பண்ணி வச்சிருக்க?"

"தண்ணி வேணுமாடா?" என்று கேட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

மருமகள் திவ்யா பேசினாள். "உங்களுக்கு ஒன்னுன்னா ஊரு எங்களத்தான அத்தே பேசும்?"

அவள் கேட்டதிலும் தப்பில்லை. மலையம்மாள் வீட்டுக்குப் போய் என் வாசல் சாவி ஒன்றைக் கொடுத்தேன். காலையில் பால் வாங்க நான் வெளியே வராவிட்டால் அவள் திறந்து பார்க்க வேண்டும். சரி என்றாள். என்னோடு கூடவே வந்து கூடத்தில் எட்டிப் பார்த்தாள்.

"கண்ணு அவிஞ்சிருச்சா மதினி?"

"அவிஞ்சிருச்சு."

நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். திவ்யாவைப் பற்றி விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.

ஜூன் 20, வெள்ளி

அசோக் பேசவில்லை. நானும் பேசப்போவதில்லை. ஒரு வாரம் பேசாமல் இருந்தால் அம்மா இறங்கி வருவாள் என்று நினைக்கிறான் போல. நினைக்கட்டும்.

இரண்டு முறை போனை எடுத்து, சத்தம் வைத்திருக்கிறேனா என்று பார்த்தேன். வைத்துத்தான் இருக்கிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

பேசினான். பகலில், பதினொரு மணி வாக்கில். அந்த நேரத்தில் வேலையில் இருப்பவன் ஆயிற்றே என்றுதான் முதலில் பதறினேன்.

"ம்மா, கேமராவப் போட்டு விடும்மா."

"மாட்டேன்."

அவனுக்குப் பின்னால் பஸ் சத்தம் கேட்டது.

"வேல போயிருச்சும்மா. சித்திரையிலயே. திவ்யாகிட்ட இன்னும் சொல்லல. காலையில பைய மாட்டிக்கிட்டுக் கெளம்பி வந்து பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருப்பேன். போன்ல உன்னயப் பாத்துக்கிட்டிருப்பேன். நீ கீரை ஆயுவ, பேப்பர் படிப்ப, அப்படியே சேர்லயே தூங்கிருவ… அதப் பாத்தா பொழுது போயிரும்."

இத்தனை நாள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவனை நான் பார்க்கவே இல்லை. தினமும் போன் பண்ணியிருந்தால் குரலிலேயே பிடித்திருப்பேன். ஏன் ராசா சொல்லல?

"பாஸ்வேர்டச் சொல்லும்மா" என்றான் மறுபடி.

"போன்ல சொல்லக் கூடாதுடா. பெத்த பிள்ளையே கேட்டாலும் போன்ல சொல்லாதீங்கன்னு யூடியூப்ல சொல்றாங்க. நேர்ல வா."

சிரித்தான். மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது.

"மொதல்ல திவ்யாகிட்டச் சொல்லு. சொல்லிட்டுக் கெளம்பு."

"வெள்ளிக்கெழமை வாரேன்மா."

ஜூன் 26, வியாழன்

திவ்யா போன் பண்ணினாள். ரொம்ப அழுதாள். அவனோடு அவளும் வருகிறாள். மலையம்மாளிடம் சொன்னேன், இரண்டு நாளைக்கு வாயை அடக்கச் சொல்லி.

ஜூன் 27, வெள்ளி

திண்டுக்கல் தாண்டிவிட்டார்களாம். இப்போதுதான் பேசினான்.

முதலில் சோறு. பாஸ்வேர்டு அப்புறம்.