மத்தாப்புக்காரியின் உதடு

8-1-1962, திங்கள்

இதை எடுத்தவர்கள் யாராக இருந்தாலும், உங்கள் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன். எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். படித்துவிட்டீர்கள் என்றால் யாரிடமும் காட்டாதீர்கள். எங்கள் அய்யாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் தெரிந்தவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்பார். அம்மாவிடமும் வேண்டாம். சின்னச்சாமி மாமாவிடம் கொடுப்பதற்குப் பதில் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

நான் மாடத்தி. ஒன்பதாம் வகுப்பு. எங்கள் தெருவில் என் வயதுப் பிள்ளைகள் எல்லாரும் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போகிறார்கள். நான் மட்டும் பள்ளிக்கூடம் போகிறேன். அதுவும் இனி எத்தனை நாளைக்கோ.

இன்று அம்மா அய்யாவிடம் சொன்னது சுவர் வழியாகக் கேட்டது. “பரீச்சை முடியட்டும். சித்திரையில பரிசம், வைகாசியில கல்யாணம். என் தம்பிய வச்சுக்கிட்டு வெளியில மாப்பிள்ளை தேடவா?” அய்யா, “சரி” என்றார். அவ்வளவுதான். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டால் சொல்வாரே, அதே சரி.

எனக்கு மொட்டை போட்டுக் காது குத்தியதே மாமா மடியில் உட்காரவைத்துத்தான். அந்த ஆளுக்கா?

14-1-1962, ஞாயிறு

பொங்கல். மாமா கரும்பும் லேபிள் கட்டுமாக வந்தார்.

மாமா லித்தோ அச்சாபீசில் வேலை. கல்லில் படம் வரைந்து தாளில் அச்சடிக்கிற இடம். கல் தேய்க்கிற பையனாகச் சேர்ந்தவர், இப்போது படம் போடுகிறார். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்டுகிற லேபிள் படம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு முற்றத்தில் பாயை விரித்து வேலை பார்க்கிறார், வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம். தூரிகையை வாயில் வைத்து நக்கிக் கூராக்குகிறார். கூராக்கிவிட்டு வரைகிறார். மறுபடி நக்குகிறார். மத்தியானம் நாக்கு நீலமாக இருக்கிறது. அந்த நாக்கோடுதான் அம்மா வைத்த கறிக்குழம்பைச் சாப்பிட்டார். நான் பின்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

படங்கள் அதைவிட மோசம். எந்த லேபிளை எடுத்தாலும் ஒரே பொம்பளை. முட்டைக்கு மை தீட்டிய மாதிரி முகம். சிரிப்போ சிரிப்பு. புஸ்வாணம் நெருப்பைக் கக்குகிறது, பக்கத்தில் நின்று பல்லைக் காட்டுகிறாள்.

“எம்புட்டு அழகா இருக்கு!” என்றார் அம்மா.

“நீ என்ன பிள்ள ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்க?” என்று மாமா என்னைக் கேட்டார்.

பயமாக இருந்தது. “நல்லா இருக்கு மாமா” என்றேன். சொன்ன வாயைக் கொப்பளித்தேன்.

17-1-1962

இன்றும் பச்சைத் தண்ணீரில் வாய் கொப்பளித்தேன். பொய்யின் ருசி போகவில்லை.

23-1-1962, செவ்வாய்

வள்ளித்தாயிடம் மட்டும் சொன்னேன். என் பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவள். அழுவாள் என்று நினைத்தேன், சிரித்தாள்.

“இதுக்கா மூக்கச் சிந்துற? குத்தம் சொல்லு. எதைக் காட்டுனாலும் குத்தம் சொல்லு. வாய் நீளம்னு அவரே ஓடிருவாரு. எங்க அக்காளப் பாக்க வந்த மாப்பிள்ள அப்படித்தான் ஓடுனாரு.”

குற்றம் சொல்ல நான் எதையும் தேட வேண்டியதில்லை. கண்ணை மூடாமல் இருந்தால் போதும்.

28-1-1962, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மாமா புது லேபிள் ஒன்றைக் காட்டினார். குத்துவிளக்கு ஏற்றுகிற பெண். நான் சொன்னேன்: “ஒங்க பொம்பளைக எல்லாரும் பீச்சாங்கையாலதான் வெளக்கேத்துவாகளா மாமா? மாராப்பும் வலது தோள்ல கெடக்கு.”

அம்மா ஓங்கித் தொடையில் கிள்ளினார். மாமா லேபிளை வாங்கிப் பார்த்தார். வாயைத் திறந்தபடியே பார்த்தார்.

என்ன நடந்திருக்கிறது என்றால், சின்ன லேபிள்களை மாமா நேராகக் கல்லிலேயே வரைகிறார். கல்லில் இடவலம் மாற்றி வரைந்தால்தான் தாளில் நேராக விழும். எழுத்தை மாற்றிப் போட்டிருக்கிறார். பொம்பளையை மட்டும் வேறொரு லேபிளைப் பார்த்து அப்படியே கல்லில் வரைந்திருக்கிறார். எழுத்து தப்பாக விழுந்தால் முதலாளி திட்டுவார். பொம்பளை எப்படி விழுந்தால் யாருக்கு என்ன?

“ஏலே சின்னச்சாமி, எத்தன வருசமா இதப் பண்ணிக்கிட்டு இருக்க!” என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டு சிரித்தார். கோபமே வரவில்லை. “வேற என்ன குத்தம்? சொல்லு தாயி.”

இது வள்ளித்தாய் சொன்ன மாதிரி இல்லையே.

11-2-1962, ஞாயிறு

போன வாரம் சொன்னது: ஒரு படத்திலும் விரல் இல்லை. பூச்சட்டிக்குப் பின்னால், முந்தானைக்குள், தட்டுக்கு அடியில், எல்லாக் கையும் எங்கேயாவது ஒளிந்திருக்கிறது. “விரல் போடத் தெரியாமத்தான ஒளிக்கிறீக?” என்று கேட்டேன்.

இன்று ஒரு தாள் நிறையக் கை வரைந்துகொண்டு வந்திருக்கிறார். தன் இடது கையையே பார்த்துப் பார்த்து வரைந்தாராம். நகத்து மை வரைக்கும் போட்டிருக்கிறார். கட்டைவிரல் மட்டும் கொழுக்கட்டை மாதிரி இருந்தது. அதையும் சொன்னேன். முதல் கணு எங்கே மடங்குகிறது என்று என் கையை மடக்கிக் காட்டினேன். காட்டிய பிறகுதான் உறைத்தது, நான் எதற்குக் காட்ட வேண்டும்? பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

அம்மா முகத்தில் சந்தோஷம். “இப்பமே ஒண்ணுக்கொண்ணு எப்படிப் பேசிக்கிடுதுக!” என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார். அந்தப் பேச்சு, அம்மா கூலிக்குப் பெட்டி ஒட்டுகிற மைதாப் பசை ஊசிப்போன மாதிரி மேலே ஒட்டுகிறது.

25-2-1962, ஞாயிறு

விஷயம் இன்னும் மோசமாகிவிட்டது. கம்பி மத்தாப்புப் பெட்டிக்குப் புது லேபிள் வேண்டுமாம், தீபாவளி சீசனுக்குப் பெரிய ஆர்டர். யார் படம் எடுபடுகிறதோ அவரைப் பெரிய ஆர்டிஸ்டாக வைத்துக்கொள்வதாக முதலாளி சொல்லியிருக்கிறார். மாமாவுக்குப் போட்டி நாகையா என்கிற ஆள். படம் எடுபட்டால் மாமா தனி வீடு பார்த்துவிடுவார். அப்புறம் கல்யாணம் தள்ளிப்போக ஒரு வழியும் இருக்காது.

அதனால் இன்று வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன். “கண்ணை இன்னும் பெருசாக்குங்க. கன்னத்துல இன்னும் ரோஸ் அடிங்க.” நம்பினார். உடனே நக்கி, உடனே அடித்தார்.

ஜெயித்துவிட்டேன்.

1-3-1962, வியாழன்

தூக்கம் வரவில்லை. அந்தக் கண். முகத்தில் இரண்டு தோசை. நான் செய்தது அது. மாமாவின் அசிங்கம் இல்லை, என் அசிங்கம். கணக்குப் போடும்போதும் தோசை வருகிறது.

4-3-1962, ஞாயிறு

மாற்றிச் சொல்லிவிட்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஆனால் அந்தக் கண்ணோடு என்னால் இருக்க முடியவில்லை.

“பொம்மை மாதிரிப் போடுங்க மாமா, அது தப்பில்ல. லேபிள்ல பொம்மைதான் எடுக்கும். ஆனா பொம்மைக்கும் ரெண்டு கண்ணும் ஒரே எடத்தப் பாக்கணும்ல? ஒண்ணு மத்தாப்பப் பாக்குது, ஒண்ணு கூரையப் பாக்குது. அப்புறம், மத்தாப்பு இந்தப் பக்கம் எரியுது, அந்தப் பக்கக் கன்னம் மினுங்குது. வெளிச்சம் எங்கன இருந்து வருது?”

மாமா தாளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு, “அச்சாபீசுல எல்லாரும் நல்லாருக்கும்பான். இல்லைன்னா போடா முட்டாளும்பான். எங்கன கோணல்னு எவனும் சொன்னதில்ல” என்றார்.

அவர் அப்படிப் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல ஆளாக இருந்தால் வெறுப்பதற்குக் கஷ்டமாக இருக்கும். நல்லவேளை, உடனே தூரிகையை நக்கினார்.

18-3-1962, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

“எல்லாஞ் சரி மாமா. ஆனா நீங்க ஆளப் பாத்து வரையிறதே இல்ல. லேபிளப் பாத்து லேபிள் வரையிறீக” என்று சொன்னேன். வாய் சும்மா இருந்ததா?

“அப்பம் நீ உக்காரு” என்றார்.

அம்மா ஓடிவந்து தலை வாரி, பூ வைத்து, எரிந்துபோன மத்தாப்புக் கம்பி ஒன்றைக் கையில் கொடுத்து முற்றத்தில் உட்காரவைத்தார். “மூஞ்சியச் சிரிச்சாப்புல வையிட்டி.” வைத்தேன். நிற்கவில்லை. அம்மா அடுப்பைப் பார்க்கப் போனதும் சிரிப்பு விழுந்துவிட்டது.

மாமா பார்த்தார். இதுவரை யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. கணக்கு வாத்தியார் கரும்பலகையைப் பார்ப்பாரே, அப்படி. வரைந்தார், பார்த்தார், வரைந்தார். நடுவில் ஒரு தடவை தூரிகையை வாய்வரைக்கும் கொண்டுபோய் நக்காமலே கீழே வைத்துவிட்டார்.

முடித்துக் காட்டினார். பொம்மைதான். பெரிய கண், சின்ன மூக்கு, நாலைந்து கோட்டில் பாவாடை. விரல் ஐந்தும் இருந்தன. வெளிச்சம் சரியான கன்னத்தில் விழுந்திருந்தது. ஆனால் அந்தப் பொம்மை மத்தாப்பைப் பார்க்கவில்லை. நம்மைப் பார்க்கிறது. கிணற்றுக்குள் விழப்போகிற ஆள் மேலே நிற்பவர்களைப் பார்ப்பதுபோல. வாய் இறுக மூடியிருக்கிறது.

“குத்தஞ் சொல்லு” என்றார்.

“குத்தம் இல்ல மாமா.”

அவர் சிரிக்கவில்லை. படத்தைச் சுருட்டிக்கொண்டு, சாப்பிடாமல் போய்விட்டார்.

என் பயம் அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டதுதானே? வரைந்த கைக்குத் தெரியாமல் இருக்குமா?

25-3-1962

மாமா வரவில்லை.

22-4-1962, ஞாயிறு

பரீச்சை முடிந்தது. நன்றாக எழுதியிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை.

மாமாவின் படம் எடுபட்டுவிட்டது. அச்சடித்த லேபிளை அய்யா கொண்டுவந்தார். நான்தான். என் கண், என் கை. வாய் மட்டும் என்னுடையது இல்லை. உதட்டின் இரண்டு முனையையும் ஒவ்வொரு கோடு போட்டு மேலே தூக்கிவிட்டிருக்கிறார். இரண்டே கோடு. சிரிக்கிறேன்.

இவ்வளவு நாளும் அவருக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் அருவருத்தேன். தெரிந்திருக்கிறது. தெரிந்து, திருத்தியிருக்கிறார். நீல நாக்கு இதற்குத் தேவலை. சீ.

பரிசம் சித்திரை இருபத்து மூன்று.

6-5-1962, ஞாயிறு

வீடு நிறைய ஆள். சாதிசனம் முழுக்க வந்திருந்தார்கள். நடுவில் தாம்பாளத்தில் சேலை, பழம், வெற்றிலை. பக்கத்தில் ஒரு அட்டையில் அந்த லேபிளை ஒட்டி வைத்திருந்தார் அம்மா. எல்லாரும் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

பெத்தணன் பெரியப்பாதான் ஆரம்பித்தார். அய்யாவுக்கு அண்ணன்முறை, சபையில் வாய் ஓயாதவர். “ஏய் சின்னச்சாமி, பொண்ணு ஒன் படத்துலயெல்லாம் குத்தங் கண்டுபிடிக்கும்னு சொன்னாகளே, இதுல என்ன குத்தமாம்? கேட்டியா?” எல்லாரும் சிரித்தார்கள். “சொல்லு தாயி, சொல்லு. கல்யாணத்துக்கு முந்தியே சொல்லிரு. பெறகு அவன் கேக்க மாட்டான்.”

மாமாவும் என்னைப் பார்த்தார். “சொல்லு” என்று அவர் சொல்லவில்லை.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். சத்தம் வராது என்று நினைத்தேன், வந்துவிட்டது.

“ஒதடு தப்பு. அந்தக் கண்ணுக்கு அந்த ஒதடு பொருந்தாது. அது பயந்த கண்ணு.”

எரிந்துகொண்டிருந்த திரியில் தண்ணீர் ஊற்றிய மாதிரி எல்லாம் நின்றது. அம்மா என் கையைப் பிடித்தார். நகம் இறங்கியது.

மாமா எழுந்துவந்து அட்டையை எடுத்தார். குப்புறத் திருப்பித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். “இன்னைக்குத் தட்டு மாத்த வேண்டாம்க்கா” என்றார்.

“எலேய், ஒரு பொட்டப்பிள்ள ஒதட்டச் சொன்னான்னு பரிசத்த நிறுத்துவியா?” என்று பெரியப்பா கத்தினார்.

“அவ சொன்ன குத்தம் எதுவும் இதுவரைக்கும் தப்பா இருந்ததில்ல” என்றார் மாமா. வெளியே போய்ச் செருப்பைத் தேடினார். அவ்வளவு செருப்புக்கு நடுவில் ரொம்ப நேரம் தேடினார்.

7-5-1962

அம்மா பேசவில்லை. அய்யாவும். சோறு மட்டும் தட்டில் விழுகிறது.

20-5-1962, ஞாயிறு

வள்ளித்தாய் வந்து சொன்னாள். அவள் அண்ணனும் அதே அச்சாபீஸ். மாமா அந்த லேபிளின் கல்லைத் தேய்த்துப் பழைய படத்தை அழித்துவிட்டு, மூடிய வாயோடு மறுபடி வரைந்தாராம். “தீவாளிக்கு அழுமூஞ்சிய எவன்டா வாங்குவான்?” என்று முதலாளி கத்தி, நாகையாவை விட்டுச் சிரிப்பைத் திரும்பப் போடச் சொல்லிவிட்டாராம். பெரிய ஆர்டிஸ்டும் இப்போது நாகையாதான். மாமா எழுத்து மட்டும் எழுதுகிறார்.

எனக்கு அழுகை வரவில்லை. நன்றியும் வரவில்லை. மாமாவை நினைத்தால் இன்றைக்கும் அந்த நாக்குத்தான் முதலில் வருகிறது. அதற்குப் பின்னால் வேறு என்னவோ வருகிறது. அதற்குப் பெயர் வைக்க எனக்குப் பிடிக்கவில்லை.

தெருவில் என்னை ‘பரிசத்தத் திருப்பி அனுப்புனவ’ என்கிறார்கள்.

3-6-1962, ஞாயிறு

நாளை பள்ளிக்கூடம் திறக்கிறது. போ என்றும் யாரும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. சாயங்காலம் கொடியில் பார்த்தேன், என் பழைய பாவாடையின் மடிப்பு பிரிக்கப்பட்டு நீளமாகத் தொங்குகிறது. புதுத் தையல். அய்யாவுக்குத் தைக்கத் தெரியாது.

இந்த வாரம் அம்மாவுக்குப் பெட்டி ஒட்ட வந்த லேபிள் கட்டு, அந்த லேபிள்தான். முற்றம் முழுவதும் நான் சிரித்துக்கொண்டு கிடக்கிறேன். பசை தடவும்போது குப்புறப் போட்டுத்தான் தடவ வேண்டும், அதனால் கொஞ்சம் நிம்மதி. அம்மா வேகமாக ஒட்டிக்கொண்டிருந்தார். நடுவில் ஒன்றை எடுத்து நிமிர்த்தினார். பசையோடிருந்த பெருவிரலை அதன் வாய்மேல் வைத்து மூடினார். வெறும் கண்ணை மட்டும் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அம்மா விரலை எடுக்கவே இல்லை. அடுப்பில் உலை பொங்கி வழிந்து நெருப்பு அணைகிற சத்தம் கேட்டும் எடுக்கவில்லை.

இப்போது எல்லாரும் படுத்துவிட்டார்கள் என்று நினைத்து விளக்கைச் சின்னதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். லேபிள் கட்டுகளுக்குப் பக்கத்தில் விளக்கு வைத்தால் அம்மா கொன்றுவி

கதவைத் தட்டுகிற சத்தம். அம்மாதான். பேர் சொல்லிக் கூப்பிடுறாக. பரிசத்து அன்னைக்கி இருந்து இப்பத்தான் பேர் சொல்லி