இருட்டறையில் அப்பாவின் குரல்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் உடம்பால் நலம். நீ நலமா என்று கேட்கத் தேவையில்லாதபடி பத்திரிகையில் உன் படம் வந்திருக்கிறது, கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது, அந்தத் தாடியை மட்டும் எடுத்துவிட்டால் மனுஷனாகத் தெரிவாய். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் அடங்கியிருக்கிறது, வலது கைதான் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொள்கிறார், கழுத்துப் பொத்தானுக்கு மட்டும் என்னைக் கூப்பிடுவார். சமையலறைக் குழாய் திரும்பவும் ஒழுகுகிறது. அக்காவின் மகள் நீச்சல் கற்றுக்கொள்கிறாளாம், வீட்டுத் தரையில் குப்புறப் படுத்துக் கை காலை அடித்துக் காட்டுகிறாளாம். சரி, இது போதும். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு, அதைச் சொல்லித் தீர்க்காமல் நாலு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீங்கள் ஆறு பேர் சேர்ந்து வைக்கிற கண்காட்சி மூன்று ஊர்களுக்குப் போகிறது என்று நீ அங்கிருந்தே போனில் சொன்ன அன்றே அப்பா காலண்டரில் வட்டம் போட்டுவைத்தார். முதலில் அக்கா இருக்கும் ஊர், அடுத்து நம் ஊர், அப்புறம் அந்தத் துறைமுக ஊர். அக்கா அங்கே பார்த்துவிட்டு வந்து போன் செய்து, அம்மா, நல்லாத்தான் இருக்கு, ஆனா நீங்க ரெண்டு பேரும் போகவேணாம், அப்பாவால அவ்வளவு நேரம் நிக்க முடியாது என்றாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது, மூச்சு வாங்கும். அதனால் கண் டாக்டரிடம் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு நான் மட்டும் கிளம்பிப் போனேன். உன் அம்மா எதற்கும் மூக்கைப் பொத்துகிற ஆள் கிடையாது, இருபத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ரத்தமும் சீழுமாகப் பார்த்தவள். அந்தக் கேலரியில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். குளியலறைச் சல்லடையில் சிக்குகிற முடியை எத்தனையோ வீடுகளில் வாங்கி ஒரு கம்பளம் பின்னி வைத்திருக்கிறார்கள், அதைச் சுற்றிக் கயிறு கட்டி, மிதிக்கக்கூடாதாம், யார் மிதிப்பார்கள். அடுத்த அறையில் எட்டுப் பேருக்குச் சாப்பாடு பரிமாறி நாற்பது நாள் அப்படியே விட்டிருக்கிறார்கள், தட்டில் பச்சையும் கறுப்புமாகப் பூசணம் மயிர் மயிராக வளர்ந்து நிற்கிறது. விளக்கம் சொல்ல ஒரு பெண் நின்றாள். இது நம்மகிட்ட ஒரு கேள்வி கேட்குது ஆன்ட்டி என்றாள். என்ன கேள்விம்மா என்றேன். அது உங்களுக்குள்ளேருந்து எழணும் என்றாள். எனக்குள்ளிருந்து எழுந்தது குமட்டல்தான். ஆனாலும் முடியும் பூசணமும் அவரவர் பாடு, எனக்கென்ன என்று உன் அறையைத் தேடிப் போனேன்.

கறுப்புத் திரை, வாசலில் உன் பெயர், அதன் கீழே ‘அப்பா, பயிற்சி’ என்று தலைப்பு. உள்ளே ஒரே இருட்டு. நாலு மூலையிலும் ஸ்பீக்கர், எதிர்ச்சுவரில் பேச்சுப் பயிற்சி அட்டைகள் ஒவ்வொன்றாகப் பெரிதாக வந்து போகின்றன, சீப்பு, சாவி, குடை. பக்கவாதம் வந்த மூன்றாவது மாதத்து அப்பாவின் குரல். முப்பது வருஷம் ரயில் நிலையத்தில் மைக் பிடித்த மனிதர், அவர் சொன்னால்தான் வண்டியே வரும் என்று நீ சின்ன வயதில் நம்பிக்கொண்டிருந்தாய், அந்த மனிதர் சாவியை சாவி என்று சொல்ல வராமல் திணறுகிறார், வேண்டாத கெட்ட வார்த்தை வந்து விழுகிறது, அப்புறம் அழுகிறார். நடுநடுவே என் குரல், பரவாயில்லைங்க, இன்னொரு தடவை சொல்லுங்க. அன்றைக்குப் போனைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தானே, டாக்டருக்கு அனுப்பணும்மா, ஆடாம பிடி என்றாய், நானும் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பிடித்தேன். அதோடு விட்டாயா? கழிப்பறைக்குப் போகவேண்டும் என்று சொல்ல அவருக்கு வார்த்தை கிடைக்காமல் தவித்தபோது, பாவிகள் நாம் இருவரும் அது புரியாமல் குடை குடை என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தோம், நாற்காலியிலேயே ஒன்றுக்குப் போய்விட்டார், அதையும் அப்படியே வைத்திருக்கிறாய். துணி மாத்திக்கலாம் வாங்க என்று நான் சொல்வது நாலு மூலையிலிருந்தும் கேட்கிறது. பக்கத்தில் ஒருத்தன் பாக்கெட்டைக் கிழித்து எதையோ மொறுமொறுவென்று தின்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

எங்கள் சலவைக்கூடத்தில் புதிதாகச் சேருகிற யாருக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். நோயாளியின் விரிப்பை எடுக்கும்போது கறை பட்ட பக்கத்தை உள்ளே வைத்து மடிக்கவேண்டும், அப்புறம்தான் வராந்தாவில் தூக்கிக்கொண்டு போகவேண்டும், எதிரே வருகிறவர்கள் கண்ணில் அது படக்கூடாது. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர்கள்கூட ஒரு தடவை சொன்னால் புரிந்துகொண்டார்கள். வெளிநாட்டில் ஐந்து வருஷம் படித்த உனக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று?

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கண்காட்சி முடிந்துவிட்டதாம் என்று சொன்னேன். தெருமுனை வரை காலையில் நடக்கிறாரே, அங்கே பஸ் நிறுத்தத்தில் உன் முகம் போட்ட போஸ்டர் ஒட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் கடைக்குப் போய்விட்டு வந்தால் ஆளைக் காணோம். இஸ்திரி போட்ட நீலச் சட்டையையும் காணோம். நேரே கண்காட்சிக்கு ஓடினேன். நோய் வந்த பிறகு முதல் தடவையாகத் தனியாக பஸ் ஏறிப் போயிருக்கிறார், கழுத்துப் பொத்தான் போடாமல். திரையை விலக்கினால் பதினைந்து இருபது பேர் வட்டமாக நிற்கிறார்கள், நடுவில் உன் அப்பா. ஸ்பீக்கரில் அந்தப் பழைய குரல் திணறத் திணற, இவர் சுவரைப் பார்த்துக் கணீரென்று சொல்கிறார், சீப்பு. சாவி. குடை. தன் மானத்தைத் தானே காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தாரடா. அவர்கள் இதுவும் கண்காட்சியைச் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டு போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறார்கள். அப்புறம் ஸ்பீக்கரில் அந்த நாற்காலி இடம் வந்தது. அப்பா நிறுத்திவிட்டார். கூட்டத்தின் பக்கம் திரும்பி, கொஞ்சம் எல்லாரும் வெளிய இருங்க என்றார். மெதுவாக, மரியாதையாக, ஒரு வார்த்தை தடுமாறாமல் சொன்னார். அவர்கள் கைதட்டினார்கள். ஒருத்தரும் வெளியே போகவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வரும்போது அந்த விளக்கக்காரப் பெண் கண் கலங்க ஓடி வந்து, ரொம்ப அற்புதமா இருந்துச்சு, வாராவாரம் சார் வந்து இதைச் செய்வாரா என்று கேட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் படி இறங்கினேன். அவளைச் சொல்லி என்ன, அப்பாவைக் காட்சிப்பொருளாக்கி அவள் கையில் கொடுத்தது நீ. உன்னை நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. பெற்ற பிள்ளையைப் பற்றி இந்த வார்த்தையை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிட்டேன், எழுதியதை அடித்து அழிக்கமாட்டேன்.

அன்றிலிருந்து அவர் பயிற்சிக்கு உட்காரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டார். காலை நடைக்கும் போவதில்லை. கேட்டால் தலையை ஆட்டுகிறார், அவ்வளவுதான். இரண்டு வருஷம் கல்லை உடைப்பதுபோல் உடைத்து மீட்ட பேச்சு, மூன்று நாளில் உள்ளே போய்விட்டது. துறைமுக ஊருக்கு வரும் பதினான்காம் தேதி சாமான்களை ஏற்றுகிறார்களாம், அதற்குள் உன்னுடையதை எடுத்துவிடு. அவர்கள் என்ன சொல்வார்கள், ஒப்பந்தம் என்ன ஆகும் என்று என்னிடம் பேசாதே.

இதைப் போனில் சொல்லாமல் ஏன் கடிதம் எழுதுகிறேன் என்று நினைப்பாய். புதன்கிழமை நீ கூப்பிட்டபோது அப்பா தூங்குகிறார் என்றேனே, பொய். என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். போனில் உன் பெயரைப் பார்த்ததும் கையை நீட்டினார், பாதியில் இழுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக வாயைத் திறந்து, இதையும் பதிவு பண்ணுவானா என்று என்னிடம் கேட்டார். சேச்சே, மாட்டான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எனக்கு வார்த்தை வரவில்லை.

நேரில் வா. நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் தலைக்குத் துணியில்லாமல் அலையாதே. நீ நன்றாக இருக்கவேண்டும், நல்லவனாகவும் இருக்கவேண்டும். வரும்போது அந்தப் போனை வாசலிலேயே என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போ, அவர் முன்னறையில்தான் இருப்பார்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அம்மா