வாங்கு முடியட்டும்

நண்பரே,

இன்று மாலை அந்தப் பழைய பேச்சு மேசையின் விளிம்பில் கை வைத்தேன். புதிதாக வார்னிஷ் பூசியிருந்தார்கள். நெடி மூக்கில் ஏறியது. ஆனாலும் விரல்கள் அந்த வெட்டைக் கண்டுபிடித்துவிட்டன. உம்மைத் தேடி வந்த கத்தியின் முதல் வீச்சு விழுந்த இடம் அது. இழைத்து மறைக்க முயன்ற தச்சன் பாதியில் கைவிட்டிருக்கிறான், அவ்வளவு ஆழம்.

எங்கள் மருதமுனையில் மீண்டும் கவியரங்கு. நீர் கொல்லப்பட்ட பிறகு இந்த மண்டபத்தில் நடக்கும் முதல் அரங்கு. தலைமை ஏற்க என்னை அழைக்க வந்தவர் விடைபெறும்போது தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஹாஜியார், அந்த ஈற்றடிய மட்டும் எடுக்காதீங்க. ஊரு இப்பதான் அமைதியா இரிக்கி."

"அமைதியா இரிக்கா, பயந்து போய் இரிக்கா?"

அவர் குனிந்து, உடுத்தியிருந்த சாரத்தின் மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

அந்த வாரத்தை நீர் மறந்திருக்க மாட்டீர். கரைவலை இழுக்கும் இடத்துக்காக உமது பெரியநீலாவணைக்கும் எங்கள் ஊருக்கும் பகை மூண்டிருந்தது. இரு பக்கமும் தோணிகள் எரிந்தன. ஒருவர் வலையை மற்றவர் துண்டு துண்டாக அறுத்து மணலில் எறிந்திருந்தார்கள். அந்தச் சாம்பல் ஆறுமுன் நான் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுத்தேன்: 'கடலுக் கெவனிட்டான் கோடு?' முன் மூன்று அடிகளையும் கவிஞரே கட்டி, கொடுத்த அடியில் கொண்டுவந்து முடிக்க வேண்டும். நிலைமை முற்றியதைக் கண்டு, வரவேண்டாம் என்று உமக்குச் சொல்லியனுப்பினேன். நீரோ சைக்கிளில் வந்து இறங்கினீர்.

"ஈற்றடியக் குடுத்துப்போட்டு வராத எண்டா எப்பிடி மச்சான்? சோத்தப் போட்டுட்டுக் கையப் புடிக்கிறீரே."

அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பின் அரங்கு தொடங்கியது. உமது முறை வந்ததும், சொற்களுக்கு நடுவே மூச்சு விட்டு, நிதானமாக மூன்று அடிகளைச் சொன்னீர்.

திடலுக் கொருபேர்; தெருவுக் கொருபேர்;
குடமோந்த தண்ணீர்க்கும் கோபம், – படகில்
விடியத் திரும்பியவன் வீசுவலை கேட்கும்

அந்த இடத்தில் பள்ளிவாசலில் இஷாவின் வாங்கு, இரவுத் தொழுகைக்கான அழைப்பு, எழுந்தது. வாங்கு ஒலிக்கும்போது மேடையில் நிற்பவர் எந்தச் சொல்லில் இருந்தாலும் அங்கேயே நிறுத்துவது எங்கள் அரங்குகளின் வழக்கம். எங்களில் சிலர் அதை மறப்பதுண்டு. கோயிலில் பாடி வளர்ந்த நீர் ஒருபோதும் மறந்ததில்லை. ஒலிவாங்கியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்தீர்.

"வாங்கு முடியட்டும். மறுகா கடைசி அடி."

மண்டபம் தலை கவிழ்ந்திருந்தது. நடுவழியே சிலர் நடந்து வருவதைக் கண்டோம். பிந்தி வந்தவர்கள், வாங்குக்கு மரியாதை செய்து வாய் திறவாமல் இடம் தேடுகிறார்கள் என்றே எண்ணினோம். அந்த எண்ணந்தான் அவர்களை மேடைவரை கொண்டுவந்து சேர்த்தது. முகங்களில் துணி கட்டியிருப்பதைப் பார்த்தபோது அவர்கள் ஏறிவிட்டிருந்தார்கள்.

முதல் வெட்டு மரத்தில் விழுந்தது. அடுத்தது உமது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே.

"கோடா கேக்கிறாய்? இந்தா, கோடு."

அந்தக் குரலை நான் அறிவேன். அன்று அஸர் தொழுகையில் என் தோளோடு தோள் சேர்ந்து நின்றவனின் குரல். படைத்தவனின் பெருமையை மினாரா கூறிக்கொண்டிருக்க, இவன் அவனுடைய படைப்பை வெட்டிக்கொண்டிருந்தான்.

நான் உம்மீது விழுந்தேன். இரும்புக் கம்பி என் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறியும் ஓசை எனக்கே கேட்டது. இன்னொரு கம்பி உமது தாடையை உடைத்தது. பற்கள் மேடைப் பலகையில் சிதறின. கீழே நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. பெண்கள் பகுதியில் ஓலம். உமது இரத்தம் என் சட்டைக்குள் வெந்நீராய்ப் புகுந்தது. உமது கண்கள் மட்டும் பள்ளிவாசல் இருந்த திசைக்குத் திரும்பின, முடிந்துவிட்டதா என்று கேட்பவர்போல. வாங்கு முடிந்தபோது உம்மிடம் மூச்சில்லை.

குரலுக்குரியவனின் பெயரைப் பொலிசில் சொன்னேன், நீதிமன்றிலும் சொன்னேன். சாட்சியத்தை மறைக்காதே என்று வேதம் பணித்திருக்க, ஊரைக் கேட்டு முடிவெடுக்க என்ன இருக்கிறது? அவன் சிறைக்குப் போனான். என் வாசலில் மீன் குடலைக் கொட்டினார்கள். "ஊரக் காட்டிக்குடுத்த கிழவன் போறான், வழி விடுங்கடா" என்று சந்தியில் எள்ளினார்கள். தொழுகை வரிசையில் என் பக்கத்து இடம் நெடுநாள் வெறுமையாகவே கிடந்தது.

இன்று முன்வரிசையில் உமது மனைவி வந்து அமர்ந்திருந்தார். அவரைக் கண்டதும், அழைக்க வந்தவரின் எச்சரிக்கை என்னிடம் செல்லாக்காசாயிற்று. தலைமையுரையை விட்டுவிட்டு உமது மூன்று அடிகளைச் சொன்னேன். நான்காவதற்கு வாய் திறக்கையில் வாங்கு எழுந்தது. நிறுத்தினேன்.

அப்போது நடுவழியில் செருப்போசை கேட்டது. யாரோ பிந்தி வருகிறார். என் கழுத்து தானாகவே தோள்களுக்குள் ஒடுங்கியது. மேசை விளிம்பை இறுகப் பற்றினேன். விரல்கள் அந்த வெட்டுக்குள் கிடந்தன.

உமது மனைவி எழுந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, மேடைக்கு முதுகு காட்டி, நடுவழியை மறித்து நின்றார். வந்தவர் நின்ற இடத்திலேயே உறைந்தார். வாங்கின் கடைசிச் சொல் அடங்கும்வரை அந்த அம்மையார் அசையவில்லை. பிறகுதான் என் பக்கம் திரும்பி, அண்ணன் முறை வைத்து அழைத்தார்.

"இனிச் சொல்லுங்க காக்கா. இஞ்ச நான் நிக்கன்."

சொன்னேன். கடலுக் கெவனிட்டான் கோடு?

ஒருவரும் கைதட்டவில்லை. ஒருவரும் எழுந்து போகவுமில்லை.

முறிந்த மணிக்கட்டு இன்னும் முழுதாக மடங்குவதில்லை நண்பரே. தொழுகையில் ஸுஜூதுக்குத் தாழ்ந்து உள்ளங்கையை நிலத்தில் ஊன்றும்போதெல்லாம் அந்தக் கம்பி மறுபடியும் இறங்குகிறது. உமது பற்கள் சிதறிய பலகை நெற்றிக்கடியில் வருகிறது. நோய்க்கெல்லாம் குணம் கேட்டு இறைவனிடம் கையேந்துபவன் நான். இந்த வலியை மட்டும் எடுத்துவிடாதே என்று கேட்கிறேன்.