இட்லிக்கு ஒய் போடுபவர்கள்

சனிக்கிழமை இரவு, ஃப்ரீமான்ட், அமெரிக்கா.

இந்த விஷயத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். வீட்டிலேயே இட்லி செய்து விசேஷங்களுக்குக் கொடுக்கும் மாலதி, ஆர்டர் வராமல் தொழிலையே விடுவதாக இருந்தாள். இணையத்தில் எந்தச் சொல்லைத் தேடினால் அவளுடைய வெப்சைட் வர வேண்டும் என்று தேர்ந்தெடுத்தவன் சுந்தர். ஒரு காலத்தில் என் ஆபீஸில் என் வேலையைத் தன் பெயரில் காட்டியவன். இன்று இங்குள்ள தமிழ்க் கடைகளுக்கெல்லாம் ஆலோசகன். 'இட்லி செய்வது எப்படி' என்று வைத்திருந்தான். கூட்டம் வந்தது, படித்தது, போய்விட்டது. செய்யக் கற்க வருகிறவர் எதற்கு வாங்குவார்?

போன மாதம் மாலதி கேட்டுக்கொண்டதால் நான் அதை 'ஐம்பது பேருக்கு இட்லி, ஃப்ரீமான்ட்' என்று மாற்றினேன். ஆங்கிலத்தில் இட்லியின் கடைசி எழுத்தை ஐ அல்ல, ஒய் என்று போட்டேன். நம்மவர்கள் அப்படித்தான் தட்டுவார்கள்.

இன்று அவள் வீட்டில் சாப்பிடும்போது சுந்தரும் இருந்தான்.

"என் ஸ்ட்ராட்டஜி இப்பதான் வொர்க் ஆகுது. ஆனா ஸ்பெல்லிங் தப்புடா. ஒய் போட்டா இங்கிலீஷ்ல 'சோம்பேறித்தனமா'ன்னு அர்த்தம்" என்றான் என்னிடம்.

நான் வாய் திறப்பதற்குள் மாலதி சொன்னாள்: "சோம்பேறிங்கதானே சார் ஆர்டர் பண்ணுவாங்க? நாளைக்கு ஒரு வளைகாப்பு, அடுத்த வாரம் ரெண்டு கிரகப்பிரவேசம். கிரைண்டரை நிறுத்தவே முடியல."

இன்னும் இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சுந்தரை நம்பி இன்னும் ஒரு பிளம்பரும் ஒரு நாட்டிய டீச்சரும் காத்திருக்கிறார்கள். படிக்க வருகிறவர் தேடும் சொல் வேறு, வாங்க வருகிறவர் தேடும் சொல் வேறு என்று இங்குள்ள தமிழர்களின் இணையக் குழுவில் போட விளக்கமாக எழுதிவிட்டேன். என் பெயரைப் பார்த்தால் பொறாமை என்பான் சுந்தர். பாதி உண்மைதான். பெயரில்லாமலே போடுகிறேன்.