மேல்மாடி அலுமாரி

லிங்கநகர்,
திருகோணமலை.
தை மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள பெரியண்ணைக்கு,

தங்கச்சி சிவபாக்கியம் எழுதுவது. நாங்கள் நல்ல சுகம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள். உடம்பைப் பற்றிக் கேட்டால் சுகம்தான். மற்றதைக் கீழே வாசியுங்கள். அண்ணிக்கும் பிள்ளைகள் இருவருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். ஆனால் இந்தக் கடிதத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். நீங்கள் மட்டும் வாசியுங்கள், வாசித்து முடிக்கும்வரை போனைக் கையில் எடுக்காதீர்கள்.

கையில் போன் இருக்கிற காலத்தில் இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் கதைத்தால் பாதியில் நீங்கள் கத்துவீர்கள், நான் அழுவேன், அண்ணி பறித்து என்ன ஏது என்று கேட்பா. இங்கேயும் என் மகன் பக்கத்தில் ஹோலில் இருப்பான். இது அவன் காதில் விழக்கூடாத கதை.

சசிகரன் விடுமுறை முடிந்து வெள்ளிக்கிழமை கனடாவுக்குத் திரும்புகிறான். சல்லிக் கிராமத்தில் அவனுடைய தாயாரிடம் மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் கொடுத்து வைத்திருக்கிறேன். தூள் பொதிக்குள் இந்தக் கடிதமும் இருக்கும். போன முறை கொடுத்த கருவாட்டை உங்கள் விமான நிலையத்தில் பறித்துக் குப்பையில் போட்டார்களாம். இந்த முறை தூளையாவது விடுகிறார்களோ, அதற்கும் புதுச் சட்டம் வந்துவிட்டதோ தெரியாது. கடிதம் உறைத்தால் தூளைக் குறை சொல்லாதீர்கள்.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன். மகன் ஜதுர்சன் உங்கள் ஊருக்கு வரப்போகிறான். விசிட் விசா கிடைத்துவிட்டது. அடுத்த கிழமை புதன்கிழமை விடியப்புறம் கட்டுநாயக்காவில் விமானம் ஏறுகிறான், உங்கள் நேரப்படி அன்றே அங்கே வந்து இறங்குவான். திரும்பி வருகிற எண்ணம் அவனுக்கு இல்லை. மாமாவுக்கு மட்டும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். அந்தச் சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன்.

விசா எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். அவனோடு படித்த பெடியன் ஒருவன் அங்கிருந்து அழைப்புக் கடிதம் அனுப்பினான். ஆனால் அழைப்பு மட்டும் போதாதாம். நீ திரும்பி வருவாய் என்று நம்புவதற்கு ஊரில் உனக்கு என்ன இருக்கிறது என்று கேட்பார்களாம். அவன் இந்த வீட்டு உறுதிப் பத்திரத்தைக் காட்டியிருக்கிறான். மாடி வீடு, துறைமுகம் தெரிகிற காணி, உரிமையாளர் ஜதுர்சன். உங்கள் வீட்டைக் காட்டி விசா எடுத்திருக்கிறான் அண்ணை.

நீங்கள் இப்போது கதிரையை விட்டு எழும்பியிருப்பீர்கள். இருங்கள். இன்னும் இருக்கிறது.

இந்தக் காணியை வாங்கிய நேரம் நீங்கள் கனடாப் பிரஜை. வெளிநாட்டுப் பிரஜையின் பெயரில் உறுதி எழுத ஏலாது, இரட்டைக் குடியுரிமை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று நொத்தாரிசு அம்மா சொன்னார். அதற்கு விண்ணப்பித்தீர்கள். பிறகு கட்டணம் மாறியது, கேட்கிற பத்திரங்கள் மாறின, இன்றுவரை அது வந்து சேரவில்லை. என் பெயரில் எழுதுங்கள் என்று நான் அன்றே சொன்னேன். நீங்கள்தான் கேட்கவில்லை. எனக்கு இரண்டும் பொம்பிளைப் பிள்ளைகள், நாளைக்கு எனக்குக் கொள்ளி வைக்கப்போகிறவன் மருமகன்தான், அவன் பெயரிலேயே இருக்கட்டும் என்றீர்கள். ஏ.எல். சோதனை எழுதிவிட்டு இருந்த பெடியனின் தோளில் தட்டி, பெயர் உனக்கு, வீடு எனக்கு என்று சிரித்தீர்கள். நாங்களும் சிரித்தோம். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை, அன்று சரியாகச் சாப்பிடவும் இல்லை.

அந்தப் பெயர் அவனுக்கு என்ன செய்தது என்று உங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், கோபித்தால் கோபியுங்கள். இறக்குமதியை நிறுத்தினார்களே, அப்போது துறைமுகத்துக்கு வருகிற கப்பல் குறைந்து அவனுடைய வேலை நின்றது. நிவாரணத்துக்குப் பதியப் போனால், உனக்கு மாடி வீடு இருக்கிறதே தம்பி என்று திருப்பி அனுப்பினார்கள். இப்போது கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. சீமெந்துக்கு இறக்குகிற கிளிங்கர் தூசி தலை முழுக்கப் படிந்து வருவான். கீழே இருக்கிற ஒரு அறையில் நானும் இவரும். அவன் ஹோலில் பாய் போட்டுப் படுப்பான். நீங்கள் வந்தால் தங்க என்று விட்டிருக்கிற மேல்மாடியில் நீங்கள் பூட்டிய குளிரூட்டி உங்களைப் பார்த்துக்கொண்டு உறை போட்டபடி கிடக்கும். இனி எல்லோரும் வரி இலக்கம் எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, சொத்து வைத்திருப்பவர் என்று விளக்கம் கேட்டு அவனுக்குத்தான் கடிதம் வந்தது. “மாமாட வீட்டுக்கு நான் பதில் சொல்லோணும், மாமாட வீட்டில நான் படுக்க ஏலாது” என்று அன்றைக்கு ஒரே ஒரு தரம் சொன்னான்.

சுதர்ஷினி என்றொரு பிள்ளை, நிலாவெளி. இருவருக்கும் விருப்பம். தகப்பன் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கலியாணம் முடிய மேல்மாடியில் பிள்ளைகள் இருக்கலாம் என்று சந்தோசமாகச் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்றைக்கு அவள் என் மருமகள். இது என் அண்ணையின் வீடு, பெயர்தான் இவனுடையது என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்லி ஒரு பிள்ளையை வீட்டுக்கு எடுக்க எனக்கு மனம் வரவில்லை. தேத்தண்ணீர் ஆறுவதற்குள் எழும்பிப் போனார்கள். மகன் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஆனால் அன்று தொடக்கம் மேல்மாடிப் படியில் அவன் கால் வைத்ததில்லை. தண்ணீர்த் தாங்கி நிரம்பி வழிந்தாலும் தகப்பனைத்தான் அனுப்புவான். இவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வீடு கட்டினவனையும் தாங்கி வைத்தவனையும் ஏசிக்கொண்டு ஏறுவார்.

விசா வந்ததும் நான் அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். போகிறதென்றால் போ மகன், போவதற்கு முன் வீட்டை என் பெயருக்கு எழுதிவிட்டுப் போ என்றேன். ஏலாது என்கிறான். உறுதியைக் காட்டித்தான் விசா, அதை மாற்றிவிட்டுப் போய், இறங்குகிற இடத்தில் ஒருவன் கேள்வி கேட்டால் என்ன காட்டுவது என்கிறான். அங்கே போன பிறகு, தனக்குப் பதிலாக நான் கையெழுத்து வைக்கலாம் என்று அட்டோர்னி தத்துவம் எழுதி அனுப்புவானாம். போனவர்கள் சொன்னதெல்லாம் செய்திருந்தால் இந்த ஊரில் பாதிக் காணிக்கு வழக்கு இருக்காது. அவன் அங்கே அகதி என்று கேட்டுவிட்டு வருசக்கணக்கில் இங்கே வர ஏலாமல் நின்றால், நீங்கள் ஓய்வுபெற்று வந்து எந்த உரிமையில் இந்த வீட்டில் இருப்பீர்கள்? பங்குனியில் வருகிறேன், இனி இங்கேதான் என்று நீங்கள் சொன்ன நாளிலிருந்து எனக்கு இதே யோசனைதான்.

பொறுத்துப் போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. விசிட் விசாவில் வருகிறவர்களைப் பிடித்துப் பிடித்துக் கேட்கிறார்களாம், அகதி கேட்கிறவர்களுக்கும் சட்டம் இறுகுகிறதாம். இந்த மாதம் போகாவிட்டால் பிறகு போகவே ஏலாது என்று பெடியன்கள் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அவன் கண்ணில் அந்தப் பயம் தெரிகிறது.

அதனால் நான் ஒன்று செய்தேன். நேற்றுக் காலை அவன் குளிக்கப் போன நேரம் பாஸ்போட்டை எடுத்துவிட்டேன். மேல்மாடியில் உங்கள் அலுமாரியில், வேட்டிகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். அலுமாரிப் பூட்டு துருப்பிடித்து எப்போதோ போய்விட்டது. ஆனாலும் அவன் அங்கே ஏறமாட்டான். இந்த வீட்டில் அவன் தேடாத இடம் அது ஒன்றுதான்.

நேற்று முழுக்கத் தேடினான். மெத்தை, பை, குசினித் தட்டு எல்லாம் கவிழ்த்தான். என்னிடம் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இவருக்கு நான் சொல்லவில்லை. எலி இழுத்துக்கொண்டு போயிருக்குமோ என்று கட்டிலுக்குக் கீழே டோர்ச் அடித்துப் பார்க்கிறார், பாவம்.

சனிக்கிழமை கடிதம் உங்கள் கைக்கு வரும். கொடு என்றால் கொடு, கொடாதே என்றால் கொடாதே என்று ஒரு வார்த்தை அனுப்புங்கள். பிள்ளைக்கும் அண்ணைக்கும் நடுவில் நின்று நான் களைத்துப்போனேன்.

*

வியாழக்கிழமை.

மேலே எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. அதையும் வாசியுங்கள், இதையும் வாசியுங்கள். பின்னேரம் இவர் சல்லிக்குப் போய்ப் பொதியில் கடிதத்தை வைத்துவிட்டு வருவார்.

இன்று காலையில் கூட்டித் துடைக்க மேல்மாடிக்குப் போனேன். பாஸ்போட் வைத்த இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன், உங்களிடம் ஏன் மறைக்க வேண்டும். கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஜதுர்சன் இருந்தான். உங்கள் கட்டிலில் இல்லை, கதிரையிலும் இல்லை. நிலத்தில், அலுமாரிக்கு முன்னால் சப்பணம் கட்டி இருந்தான். எடுத்துவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

அவன் எடுக்கவில்லை. அலுமாரியில் கையும் வைக்கவில்லை. இங்கேதான் இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். “இந்த வீட்டில நான் வராத இடம் இதுதானே அம்மா” என்றான். விடியத் தொடக்கம் அங்கேதான் இருந்தானாம். அப்படியென்றால் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். “அது மாமாட அலுமாரி” என்றான். பூட்டுக்கூட இல்லையே என்றேன். “பூட்டு இல்லையெண்டா திறக்கலாமோ? நீங்க எடுத்துத் தாங்க, இல்லாட்டி விடுங்க” என்று சொல்லிவிட்டு யன்னலைப் பார்த்தான். துறைமுகத்தில் இரண்டு கப்பல்கள் நின்றன. அவனுக்கு நான்கு நாள் வேலை இருக்கிற கப்பல்கள்.

அண்ணை, சட்டப்படி பார்த்தால் இந்த வீட்டில் அவனுக்குச் சொந்தமில்லாத கல் ஒன்றும் இல்லை. அதைக் காட்டி விசாவும் எடுத்திருக்கிறான், அது பிழைதான், நான் பூசி மெழுகவில்லை. ஆனால் உங்கள் அலுமாரியைத் திறக்க அவனுக்குக் கை வரவில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவன் எழும்பி என்னைப் பிடித்துக்கொண்டான். மூன்று நாளுக்குப் பிறகு இன்றுதான் என்னை அம்மா என்று கூப்பிட்டிருக்கிறான்.

உங்கள் வேட்டிகளை விலக்கி நானே பாஸ்போட்டை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டேன். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அதற்கு என்னை ஏசுங்கள், அவனை ஏசாதீர்கள். உங்களுக்கு எழுதியிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிட்டேன். அவன் முகம் கறுத்துப்போனது. பிறகு, இறங்கினதும் மாமா எங்கே வரச் சொல்கிறாரோ அங்கே வந்து கையெழுத்து வைக்கிறேன் என்றான். வைப்பான் என்று நான் உங்களுக்கு உறுதி எழுதித் தரமாட்டேன். பெற்ற பிள்ளையென்றாலும் நாளைக்கு என்ன செய்வான் என்று ஆர் சொல்ல ஏலும்? உங்கள் அலுமாரியைத் திறக்காதவன், அதை மட்டும் எழுதுகிறேன்.

இனி எல்லாம் உங்கள் கையில். வீடு என்னுடையது, பெடியன் பொய் சொல்லி வருகிறான் என்று அங்கே நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது எனக்குத் தெரியாமல் நான் எழுதவில்லை. தெரிந்துகொண்டுதான் அவன் வருகிற நாளையும் எழுதியிருக்கிறேன். என் அண்ணையை எனக்குத் தெரியும் என்று நினைத்து எழுதுகிறேன்.

அழைப்பு அனுப்பிய பெடியனுக்கு அன்று வேலையாம். பஸ் பிடித்து வரச் சொல்லியிருக்கிறான். அங்கே பனி கொட்டுகிற காலம் என்று சசிகரன் சொன்னான். இவனிடம் இருப்பது மழைக்குப் போடுகிற மெல்லிய சட்டை ஒன்றுதான். இங்கே கடைகளில் தேடினேன், அந்தக் குளிருக்கு ஏற்றது ஒன்றும் இல்லை. அவன் இப்போது உங்கள் உயரம் அண்ணை, தோளும் உங்கள் தோள்தான். புதன்கிழமை உங்கள் வீட்டு அலுமாரியைத் திறந்து, பழைய குளிர்ச்சட்டை ஒன்று எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போங்கள்.

கோணேசர் உங்கள் எல்லோரையும் காக்க வேண்டும்.

பங்குனிக்கு உங்கள் அறையைத் துடைத்து வைத்திருக்கும்,
உங்கள் தங்கச்சி,
சிவபாக்கியம்.