மூணாம் ரூமுக்குத் தண்ணீர்

மார்ச் 4
காலையிலேயே வெயில். எம்.எஸ்.டபிள்யூ. ஆய்வுக்குக் கடைசி நேர்காணல்கள். அலைச்சல் இல்லை, வீட்டுக்குப் பின்னால் அப்பா வாடகைக்கு விட்ட ரூம்கள்தான். தலைப்பு: வெளியூர்ப் பெண் தொழிலாளர் குடியிருப்பும் கண்ணியமும். எல்லாரும் "ஒரு குறையும் இல்லக்கா". ஓனர் மகளிடம் வேறென்ன சொல்வார்கள்? மண்டு நான்.

மூணாம் ரூம் செல்வி மட்டும் வாயைத் திறந்தாள். சங்கரன்கோவில் பக்கம். செல்போன் கம்பெனி, நைட் ஷிஃப்ட். "காலைல ஏழரைக்கு வாரோம்க்கா. குழாய்ல சொட்டுத் தண்ணி இருக்காது. குளிக்காமலே படுத்துருவோம். நான் சொன்னேன்னு உங்க அப்பாட்ட சொல்லிராதீங்க." பெயரே எழுத மாட்டேன் என்று ஒப்புதல் படிவத்தைக் காட்டினேன். கையெழுத்துப் போட்டாள்.

ரூம் குழாய்களுக்கான மோட்டார் ஸ்விட்ச் எங்கள் சமையலறையில். ஆறரைக்கு அணைப்பது பாதி நாள் நான்தான்.

மார்ச் 5
வாங்க வேண்டியது: ஏ4 பேப்பர், ஷாம்பு. 10ஆம் தேதி ஆன்லைன் இண்டர்வியூ. வெளிநாட்டில் சர்வதேச வளர்ச்சிப் படிப்புக்கு.

சாப்பிடும்போது அப்பாவிடம் பொரிந்து தள்ளிவிட்டேன். நியாயம், உரிமை, என்னென்னவோ. பெயர் சொல்லவில்லை. நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்களுக்குத் தண்ணீர் இல்லை என்றேன், அவ்வளவுதான். பேசி முடித்ததும் பெருமையாகக்கூட இருந்தது. சீ.

அப்பா தட்டிலிருந்து நிமிரவில்லை. "இந்த வாரம் நைட்டு மூணாம் ரூமு மட்டும்தானே கீது."

மார்ச் 7
செல்வியும் ரூம் பெண்களும் காலி செய்தார்கள். படப்பைக்குப் போகிறார்களாம்.
அப்பா: "தண்ணி பத்தலன்னா பத்துற எடமா பாத்துக்கினு போவட்டும்."
அம்மா: "நீ இன்னாத்துக்குடி வாயக் குடுத்த?"

ஷேர் ஆட்டோவில் வாளி, பாய், பைகள். வாசல்வரை போனேன். மன்னிப்புக் கேட்கப் போனவள், சரிந்த பாயை நிமிர்த்தி வைத்தேன். அவளே பேசினாள். "இண்டர்வியூ நல்லா பண்ணுங்கக்கா." அவளிடம் நானே பீற்றிக்கொண்டதுதான். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 10
இண்டர்வியூ. நல்லவேளை, கரண்ட் போகவில்லை. ஆய்வில் பேசியவர்களை எப்படிப் பாதுகாத்தீர்கள் என்று கேட்டார்கள். பெயருக்குப் பதில் எண், ஒப்புதல் படிவம் என்று கோர்வையாகச் சொன்னேன். திரையில் இருந்த இரண்டு பேரும் தலையாட்டினார்கள். குரல் நடுங்கவே இல்லை. அதுதான் அசிங்கம்.

மார்ச் 19
சீட் கிடைத்துவிட்டது. அப்பா லட்டு வாங்கி வந்தார். "எல்லா ரூமுக்கும் குடும்மா. மூணாவதுக்கும். புதுசா வந்துகீதுங்க."

கதவைத் திறந்த பெண் லட்டை வாங்கிக்கொண்டாள். "வாழ்த்துக்கள்க்கா. நாளைலேர்ந்து எனக்கு நைட் ஷிஃப்ட். காலைல தண்ணி வரும்லக்கா?"

வரும் என்றேன்.