பார்க்காமல் வாங்கிய பழைய வாட்ச்

மார்ச் 4
வீட்டுக்கு ஒரு பழைய வாட்ச் வரப்போகிறது. சாவி கொடுத்தால் ஓடும் ரகம். விற்கிறவனை என் வீட்டுக்காரர் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை. இணையத்தில் மூன்று படம் பார்த்தார், மனதைப் பறிகொடுத்துவிட்டார். வங்கியில் இவருக்கு வேலை என்ன? கடன் கேட்டு வருகிறவர்களைச் சந்தேகப்படுவது. கையெழுத்து லேசாகக் கோணினாலே “ரிஸ்க்” என்று திருப்பி அனுப்புகிற மனுஷன்!

மார்ச் 5
விளம்பரத்தை நானும் படித்தேன். “தாத்தா கட்டிய பொக்கிஷம். பிரிய மனமில்லாமல் விற்கிறேன்.” அதே ஆள் இன்னும் பதினொரு வாட்ச்சைப் பிரிய மனமில்லாமல் விற்கிறான். எத்தனை தாத்தா அவனுக்கு?

“பின்மூடியத் திறந்து உள்ள ஒரு படம் கேளுங்களேன்” என்றேன். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் நான். உள்ளே பார்க்காமல் எதையும் நம்பிப் பழக்கமில்லை.

“கேட்டேன். திறக்கிறதுக்கு அவர்கிட்ட ஒண்ணும் இல்லையாம்.”

“பன்னெண்டு வாட்ச் விக்கிறவன்கிட்டயா?”

“உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்.”

எனக்கு!

மார்ச் 6
பணம் போய்விட்டது. விற்றதைத் திருப்பி எடுக்க மாட்டானாம். “முன்னாடியே சொல்லிட்டார் பாரு, அதான் நேர்மை.”

மார்ச் 13
வந்தது. அழகாகத்தான் இருக்கிறது, சும்மா சொல்லக் கூடாது. அதுதான் இடிக்கிறது — கூடு முழுக்கக் கீறல், முள்ளில் துரு, டயல் மட்டும் நேற்று பெயின்ட் அடித்த கதவு மாதிரி பளபளக்கிறது. கம்பெனிப் பெயரில் ஓர் எழுத்தைக் காணோம். காட்டினேன்.

“அந்தக் காலத்துல அப்படித்தான் எழுதுவாங்க.”

மார்ச் 15
நொடிமுள் கழன்று கண்ணாடிக்குள் அங்குமிங்கும் ஓடுகிறது. வாட்ச் நின்றுவிட்டது. ஓடுவது முள் மட்டும்தான்.

மார்ச் 17
வாட்ச் கடையில் திறந்து பார்த்தாயிற்று. கூடு ஒரு வாட்ச்சுடையது, மெஷின் இன்னொன்றுடையது, முள் யார் வீட்டுப் பிள்ளையோ. கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓட வைத்துக் கொடுத்தார். விற்றவனுக்கு இவர் எழுதினார். பதில் இல்லை; இணையத்தில் அவன் பக்கத்தையே காணோம். ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டார். பாவமாக இருந்தது. ரொம்ப நேரம் இல்லை.

மார்ச் 22
அதை விற்கப் போகிறாராம். விளம்பரமும் போட்டாயிற்று: “என் அப்பா ஆசையாகக் கட்டியிருந்தது.” மாமா ஆயுசுக்கும் வாட்ச் கட்டியதில்லை. பஸ்ஸில் பக்கத்து ஆளின் கையைத் திருப்பி மணி பார்ப்பார்.

“மாமாவ ஏங்க இதுல இழுக்கிறீங்க?”

“எல்லாரும் இப்படித்தான் எழுதுறாங்க.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவரைக் கேலி செய்வது இந்த வீட்டில் என் தினசரி வேலை. ஆனா இது — இது வேற ஆளு. நான் கட்டிக்கிட்டவர் அசடு. திருடன் இல்ல.

மார்ச் 24
ஒரு பெண் கேட்டிருக்கிறாள். அவள் அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறாளாம், பரிசு கொடுக்க வேண்டுமாம். “சார், ஒரு தடவை ஏமாந்திருக்கேன். எல்லாம் ஒரிஜினல்தானே?”

இவர் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். “ஆமான்னு போட்டுடு” என்று போனை நீட்டினார்.

போட்டேன்: “டயல் புதுசா பெயின்ட் அடிச்சது. மெஷின் வேற வாட்ச்சோடது. நானும் ஏமாந்துதான் வாங்கினேன். வாங்காதீங்க.” அனுப்பிவிட்டு அவர் கண் முன்னால் வைத்தேன். படித்தார். இன்னொரு தடவை படித்தார். இஸ்திரிப் பெட்டி சட்டை மேலேயே இருந்தது.

மார்ச் 25
பேச்சில்லை.

மார்ச் 26
பேச்சில்லை. கருகிய சட்டையை மடித்து என் தலையணை மேல் வைத்திருக்கிறார். குற்றவாளி நான்தான் போல.

மார்ச் 28
விளம்பரத்தைக் காணோம். இவரேதான் எடுத்திருக்கிறார்.

ஏப்ரல் 2
அந்த வாட்ச்சைக் கட்டிக்கொண்டு ஆபீஸ் போனார். மேனேஜர் கையைப் பிடித்துப் பார்த்து, “அடேங்கப்பா, ஒரிஜினலா?” என்றாராம்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“இல்ல சார், டூப்பு, நல்லா ஏமாந்துட்டேன்னேன்.” செருப்பைக் கழற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்.

நாக்கு நுனி வரை வந்தது ஒரு கேலி. நல்ல கேலி.

விழுங்கிவிட்டேன்.